ஆற்றலை ஒளிக்காத அறிஞர்: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

சமண அறநூல்கள் ஒழுக்கத்தை ஐந்தாக வகுத்துரைக்கும். ஞானாசாரம், தரிசனாசாரம், சாரித்திராசாரம், தபாசாரம், வீரியாசாரம் என்பன அவை. இவற்றுள் இறுதியாக வைக்கப்பெற்ற வீரியாசாரம், தனக்கு இயல்பாக வாய்த்த உடல் வலிமையையும் உள்ளத்து ஆற்றலையும் ஒளித்து வையாமல் நல்வினையில் முழுமையாகச் செலுத்துவதைக் குறிக்கும். ஏனைய நான்கும் வாழ்வில் செயற்படுவதற்கு இதுவே துணையாக நிற்கிறது.

மனிதன் தன் ஆற்றலை ஒளித்து வைப்பதற்குப் பெரிதும் பயன்படுத்தும் திரை சாக்குப்போக்கு. பொருள் இல்லை, பொழுது இல்லை, துணை இல்லை, கற்பிப்பார் இல்லை என்று நாம் கூறும் காரணங்களுள் பல மெய்யானவையே. மெய்யாக இருப்பதனால்தான் அவை நம்மை எளிதில் கட்டிப்போடுகின்றன. ஆனால் அதே காரணங்களைத் தீர்க்க வேண்டிய பணிகளாகக் கருதி, ஒவ்வொன்றாகத் தீர்த்து மேற்சென்ற பெரியோரும் உண்டு. அத்தகையோருள் ஒருவர், தமிழ்ச் சமணர்களின் பெருஞ்செல்வமாகிய சீவக சிந்தாமணியை உரையுடன் முழுமையாக அச்சேற்றித் தமிழுலகுக்கு வழங்கிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஆவார். அவர் பிறப்பாலும் வழிபாட்டாலும் சமணர் அல்லர். ஆயினும் வீரியாசாரம் என்பதற்கு அவருடைய வாழ்க்கை நல்லதோர் விளக்கமாக அமைந்துள்ளது.

வறுமையில் வளர்ந்த வேட்கை

அக்காலத் தஞ்சை மாவட்டத்தில் பாபநாசத்துக்கு அருகில் இருந்த உத்தமதானபுரம் ஐயரின் ஊர். 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் வேங்கடசுப்பையருக்கும் சரசுவதி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். தந்தையார் இசைவாணர். இராமாயணக் கதையை இசையோடு எடுத்துரைத்து, ஊரார் அளிக்கும் நெல்லையும் பணத்தையும் கொண்டு குடும்பம் நடத்தியவர். வருவாய் நிலையற்றது, கடனோ நிலைத்தது.

மகன் இசை பயின்று தம் தொழிலைத் தொடரவேண்டும் என்பது தந்தையாரின் எண்ணம். ஆங்கிலம் படித்தால் அரசாங்க வேலை கிடைக்கும் என்று உறவினர் சிலர் கூறினர். சிறுவனின் மனமோ தமிழையே நாடியது. தமிழ் படித்தால் வயிறு நிறையுமா என்று ஊரார் கேட்ட காலம் அது. மகனுடைய வேட்கையின் வலிமையை உணர்ந்த தந்தையார் ஓர் அரிய செயலைச் செய்தார். தமிழ் கற்பிப்பார் எந்த ஊரில் இருக்கின்றாரோ அந்த ஊருக்குக் குடும்பத்தை அழைத்துச் சென்றார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர் ஊராகக் குடிபெயர்ந்தனர். ஓர் ஆசிரியரிடம் கற்கக்கூடியதைக் கற்று முடித்ததும் அடுத்தவரைத் தேடிச் செல்வதே வழக்கமாயிற்று. செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் பயின்றபோது, அவர் தம்மிடமுள்ளதோடு நின்றுவிடாமல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லுமாறு நெறிப்படுத்தினார்.

1871ஆம் ஆண்டு, தம் பதினேழாம் வயதில், ஐயர் மாயூரத்தில் மகாவித்துவானைச் சேர்ந்தார். சில நாள் படித்துவிட்டுப் பிரிந்துபோகும் மாணாக்கர் பலரைக் கண்டிருந்த ஆசிரியர், முதலில் தயங்கியே ஏற்றுக்கொண்டார். அந்த ஆசிரியரோ தாமே வறுமையில் உழன்றவர். உணவுக்கும் உறைவிடத்துக்கும் இடர்ப்பட்ட நாட்கள் பல. இடையில் வைசூரி நோய் கண்டு மாணாக்கர் படுக்கையில் விழுந்தார். உடல் தேறியதும் மீண்டும் ஆசிரியரிடமே சென்றார். 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மகாவித்துவான் மறையும் வரையில் அவரை விட்டு அகலாமல் பாடங்கேட்டார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் மடத்திலிருந்து கற்றும் கற்பித்தும் வந்தார்.

1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். மகாவித்துவானின் மாணாக்கராகிய அவர், தம் இடத்துக்கு ஐயரையே பரிந்துரைத்தார். கல்லூரி வேலையும் நிலையான மாத ஊதியமும் கிடைத்தன. இருபத்தைந்து வயது இளைஞருக்கு இனி என்ன குறை? பட்ட துன்பமெல்லாம் தீர்ந்தது என்று அமைதியடைந்திருந்தால் எவரும் குறை கூறியிரார். அவருடைய உண்மையான சோதனை அந்த நிலையில்தான் வந்தது.

ஒரு வியாழக்கிழமை

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், வியாழக்கிழமை. அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாறிவந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காண ஐயர் சென்றார். முதலியார் யாரிடம் பாடங்கேட்டது என்று வினவினார். மகாவித்துவானின் பெயரைக் கேட்டும் அவர் வியப்புக் காட்டவில்லை. என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று அடுத்துக் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள், இலக்கண நூல்கள் என்று ஐயர் நீண்ட பட்டியலையே ஒப்புவித்தார். முதலியாரோ இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்று கேட்டுவிட்டார்.

பல ஆண்டுகள் பசியோடும் நோயோடும் போராடித் திரட்டிய கல்வியை ஒரு சொல்லில் தள்ளினால் எவருக்கும் உள்ளம் கொதிக்கும். முதலியார் மேலும் தொடர்ந்தார். இவற்றுக்கெல்லாம் மூலமாகிய பழைய நூல்களாகிய சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைப் படித்ததுண்டா என்றார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. பிரதி கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்க இயலும் என்றார்.

அந்த விடையில் பொய் இல்லை. மடங்களிலும் அக்காலத்தில் அந்நூல்கள் பாடமாக வழங்கவில்லை. ஆனால் அந்த மெய்யே ஒரு சாக்காகவும் ஆகியிருக்கக்கூடும். முதலியார் அதற்கு இடந்தரவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொண்டுவந்து ஐயரின் கையில் கொடுத்தார். பிரதி இல்லை என்ற காரணம் அந்த நொடியோடு முடிந்தது. தமக்கு அந்நூலைப் பாடஞ்சொல்லவேண்டும் என்றும் முதலியார் கேட்டுக்கொண்டார். படிக்காத நூலை ஒருவருக்குக் கற்பிக்கவேண்டிய கடமையும் சேர்ந்துவிட்டது.

இங்கே ஐயருக்கு இரு வழிகள் இருந்தன. தம் கல்வியை மதியாதவரோடு நமக்கென்ன பேச்சு என்று விலகிப்போவது ஒன்று. தம்மிடமுள்ள குறையை ஒப்புக்கொண்டு மீண்டும் மாணாக்கனாவது மற்றொன்று. ஐயர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

சமணர் இல்லங்களில் ஒரு மாணாக்கர்

சிந்தாமணி 13 இலம்பகங்களும் 3145 பாட்டுகளும் கொண்ட பெருங்காப்பியம். துறவியாகிய திருத்தக்கதேவர் அதனை இயற்றினார். உச்சிமேற் புலவர் நச்சினார்க்கினியர் அதற்கு உரை வகுத்தார். மகாவித்துவானிடம் பயின்ற புலமை தமக்குத் துணைநிற்கும் என்று எண்ணி ஐயர் நூலைத் திறந்தார். செய்யுள் நடை அவருக்குப் புதியதாக இருந்தது. அதனினும் பெரிய தடை வேறொன்று இருந்தது. நான்கு கதிகள், வினைகளின் பகுப்பு, சமவசரணம், அருகனுடைய சிறப்புகள் என நூலிலும் உரையிலும் வந்தவை யாவும் சமண சமயக் கருத்துகள். சமணக் குடும்பத்துப் பிள்ளைகள் பாட்டியின் மடியிலிருந்து கேட்டறியும் செய்திகள் அந்தப் பெரும்புலவருக்கு விளங்கவில்லை. உரையாசிரியரோ படிப்பவர்க்கு இவை தெரியும் என்ற எண்ணத்தில் சுருக்கமாகக் குறித்துச் சென்றிருந்தார்.

இது நம் சமய நூல் அன்று, நமக்கு விளங்காதது இயல்பே என்று சொல்லி நூலை மூடிவைத்திருக்கலாம். ஐயர் அவ்வாறு செய்யாமல், கும்பகோணத்தில் வாழும் சமணர்களைத் தேடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்களின் நட்பு அவருக்குக் கிடைத்தது. அவர்கள் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள் அல்லர். வாணிகமும் குடும்பமும் நடத்தியவர்கள். ஆனால் சிந்தாமணியைப் புனித நூலாகப் போற்றி, முறையாகப் படித்தும் கேட்டும் வந்தவர்கள். ஒருநாள் அவர்களுடைய இல்லம் ஒன்றில் விழாக்கோலத்தைக் கண்டு, இன்று என்ன சிறப்பு என்று ஐயர் வினவினார். சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடுகின்றோம் என்பது விடையாக வந்தது. தமிழ்ப் புலவர் உலகம் மறந்திருந்த ஒரு காப்பியம், இல்லறத்தாரின் வீடுகளில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருப்பதை அவர் அன்று நேரிற் கண்டார்.

கல்லூரியில் ஆசிரியராக வீற்றிருந்தவர், சமணர் வீடுகளில் மாணாக்கராக அமர்ந்து ஐயங்களைக் கேட்டார். அவர்கள் தம் சமயக் கொள்கைகளையும், மணிப்பிரவாள நடையில் அமைந்த சமண நூல்களில் உள்ள செய்திகளையும் எடுத்து விளக்கினர். ஐயர் கேட்டவற்றை நினைவில் இருத்தியும் எழுதிவைத்தும் நூலோடு பொருத்திப் பார்த்தார். ஒவ்வொரு முடிச்சும் அவிழ அவிழ அவருடைய மகிழ்ச்சி பெருகிற்று. அவருடைய ஆர்வத்தையும் அடக்கத்தையும் கண்ட சமணப் பெண்மணி ஒருவர், இவர் பவ்ய ஜீவன் போலும் என்று கூறினாராம். வீடுபேற்றுக்குத் தகுதி வாய்ந்த உயிர் என்னும் பொருளுடைய அச்சொல்லைப் பிற சமயத்தவர் ஒருவர்க்கு வழங்கிய அந்த அம்மையாரின் உள்ளமும் போற்றத்தக்கது. ஐயர் அதனைத் தமக்குக் கிடைத்த பெரும்பேறாகக் கொண்டார்.

ஞானாசாரத்துக்குரிய அங்கங்களில் எழுத்தைப் பிழையின்றி ஓதுதல், பொருளைப் பிழையின்றி உணர்தல், கற்பித்த ஆசிரியரை மறையாமை என்பனவும் அடங்கும். இம்மூன்றும் ஐயரிடத்தில் ஒருங்கே விளங்கின. முதுமையில் எழுதிய தம் வரலாற்றிலும், சமண நண்பர்களிடம் தாம் கற்றதை அவர் விரிவாகவும் நன்றியோடும் பதிவு செய்தார்.

சிதைந்த ஏடுகளும் கைமாற இருந்த பணியும்

நூலின் பொருள் விளங்கத் தொடங்கியதும், இதனைப் பிழையற அச்சிடவேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. நாமகள் இலம்பகம் மட்டும் 1868ஆம் ஆண்டில் போவர் என்னும் பாதிரியாரால் அச்சிடப்பட்டிருந்தது. ஏனைய பன்னிரண்டு இலம்பகங்களும் ஏடுகளிலேயே உறங்கின.

ஓர் ஏட்டில் உள்ள பாடம் மற்றோர் ஏட்டில் இல்லை. எழுதுவோர் செய்த பிழைகள் பல. பழைய ஏடுகளில் புள்ளி இராது. கொம்பும் காலும் பிரித்தறிய இயலாது. செல்லும் இராமபாணப் பூச்சியும் தின்ற இடங்கள் வேறு. மூலப் பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாகாத பகுதிகளும் இருந்தன. ஐயர் திருவாவடுதுறை மடம், புலவர் வீடுகள், சமணர் இல்லங்கள் என்று பல இடங்களிலிருந்தும் பிரதிகளைத் தேடிப் பெற்றார். பகலில் கல்லூரிப் பணி. காலையிலும் இரவிலும் ஏடுகளை ஒப்புநோக்கும் பணி. உரையாசிரியர் நூற்பெயர் சொல்லாமல் எடுத்துக்காட்டிய மேற்கோள்கள் எங்கிருந்து வந்தவை என்று அறிவதற்காகப் பிற பழந்தமிழ் நூல்களையும் தேடினார். அந்தத் தேடலே பத்துப்பாட்டு, எட்டுத்தொகை ஆகிய சங்க நூல்களின் ஏடுகளிடத்தில் அவரைக் கொண்டு சேர்த்தது.

இந்நிலையில் ஒரு நெருக்கடி தோன்றியது. பழைய நூல்களைப் பதிப்பிப்பதில் முன்னோடியாகிய சி. வை. தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தாமே வெளியிட விரும்பி, ஐயரிடமிருந்த பிரதிகளைத் தருமாறு கேட்டார். அவர் வீரசோழியத்தையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றிய அனுபவசாலி, வயதிலும் மூத்தவர். ஐயருக்கோ நூல் பதிப்பித்துப் பழக்கமில்லை. கையில் பணமும் இல்லை. அவரே செய்யட்டும் என்று கொடுத்துவிடும் நிலைக்கு வந்தார். பணியைக் கைவிடுவதற்கு இதனினும் மதிப்பான காரணம் வாய்க்காது. தகுதியுள்ளவரிடம் ஒப்படைத்தேன் என்று எவரிடமும் தலைநிமிர்ந்து கூறலாம். அப்போது தந்தையார் குறுக்கிட்டார். இத்தனை ஆண்டு உழைத்து ஆராய்ந்ததைப் பிறரிடம் ஏன் கொடுக்கவேண்டும், நீயே வெளியிடு, இறைவன் துணைசெய்வான் என்று உறுதியூட்டினார். கையில் காசில்லாத ஒரு முதியவர் தந்த அந்த ஊக்கமே ஐயரை நிலைநிறுத்திற்று. தாமோதரம் பிள்ளையும் தம் பணியை நிறுத்தவில்லை. மற்றொரு சமணக் காப்பியமாகிய சூளாமணியை 1889இல் அவர் வெளியிட்டார். தமிழுக்கு இருவர் உழைப்பும் கிடைத்தது.

அச்சேறிய சிந்தாமணி

1886ஆம் ஆண்டு அச்சு வேலை தொடங்கியது. கும்பகோணத்தில் வேலை, அச்சுக்கூடமோ சென்னையில். விடுமுறை நாட்களில் ஐயர் சென்னைக்குச் சென்று தங்கி, திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்தில் அச்சுப்படிகளைத் திருத்தினார். ஓர் எழுத்துப் பிழையும் நேரக்கூடாது என்று இரவெல்லாம் கண்விழித்தார். அப்போது சென்னையில் வழக்கறிஞராக இருந்த இராமசாமி முதலியார் தம் இல்லத்தில் இடமளித்து எல்லா வகையிலும் உதவினார்.

தாளுக்கும் அச்சுக்கும் பணம் வேண்டியிருந்தது. நூல் வெளிவந்தால் வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் கையொப்பம் பெற்றார். சிலர் முன்பணம் தந்தனர். சிலர் வாக்கு மட்டும் தந்தனர். கேட்ட இடங்களில் மதியாமற் போனவர்களும் உண்டு. கடன் வாங்கியே வேலையை நடத்தவேண்டியிருந்தது. சைவ மடத்தின் ஆதரவில் கற்றவர் சமண நூலை அச்சிடுவதா என்ற குறைகூறலும் எழுந்தது. ஐயர் தம் சிவபக்தியில் சிறிதும் குறையாதவர். தமிழ்ப் புலவர் என்ற முறையில் திருத்தக்கதேவருக்குச் செய்யவேண்டிய கடமையிலும் அவர் குறைவைக்கவில்லை. ஏசியவர்களுக்கு விடையளிப்பதில் பொழுதைச் செலவிடாமல் அடுத்த அச்சுப்படியைத் திருத்தினார்.

1887ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சீவக சிந்தாமணி மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் முழுமையாக வெளிவந்தன. முதலியாரைச் சந்தித்த நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன. ஐயருக்கு அப்போது வயது 32. நூல் வெளிவந்தபின் பிழை தேடித் துண்டு வெளியீடுகள் எழுதியவர்களும் இருந்தனர். அவற்றிலும் கொள்ளத்தக்கது உண்டா என்று பார்த்தாரேயன்றி மனம் சோர்ந்து ஒதுங்கவில்லை. முதற்பதிப்போடு தம் கடமை முடிந்தது என்றும் அவர் எண்ணவில்லை. மேலும் ஏடுகளைத் தேடித் திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார்.

தளராத தொண்டு

சிந்தாமணியில் பெற்ற பயிற்சி அவருடைய எஞ்சிய வாழ்நாளை வகுத்துவிட்டது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அவர் கைவண்ணத்தில் வெளிவந்தன. மணிமேகலை பௌத்த நூல். ஐயங்களைக் கேட்பதற்குத் தமிழ்நாட்டில் பௌத்தக் குடும்பங்கள் இல்லை. சிந்தாமணிக்குக் கிடைத்ததைப் போன்ற வாழும் மரபின் துணை அங்கே கிடைக்கவில்லை. ஆயினும் ஐயர் நிற்கவில்லை. ஆங்கில நூல்களில் உள்ள பௌத்தக் கருத்துகளைப் பேராசிரியர் மளூர் ரங்காசாரியாரிடம் கேட்டறிந்து அந்நூலையும் விளக்கமுறச் செய்தார்.

ஏடு தேடி அவர் நடந்த ஊர்களும் ஏறி இறங்கிய வீடுகளும் பல. சில இடங்களில் வெறுங்கையோடு திரும்பினார். கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளைத் தேடிச் சென்றபோது, அவை சிதைந்துவிட்டன என்று நெய்யில் தோய்த்துத் தீயிலிட்ட செய்தியைக் கேட்டு உள்ளம் துடித்தார். அழிந்ததை எண்ணி அழுததோடு அவர் நின்றுவிடவில்லை. அடுத்த ஊரில் எஞ்சியிருப்பதையாவது காக்கவேண்டும் என்று விரைந்தார்.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை வந்தடைந்தன. ஓய்வுக்குப் பின்னரும் உழைப்பு ஓயவில்லை. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையும் சமணர் தந்த செல்வமே. அதன் தொடக்கமும் முடிவும் ஏட்டில் கிடைக்கவில்லை. முழு நூல் கிடைக்கட்டும் என்று காத்திராமல், கிடைத்த பகுதியை ஆராய்ந்து 1924இல் வெளியிட்டார். குறுந்தொகைக்குப் பழைய உரை கிடைக்காதபோது தாமே உரை எழுதி 1937இல் பதிப்பித்தார். அப்போது அவருக்கு வயது 82. எண்பத்தைந்து வயதை நெருங்கிய நிலையில் தம் வாழ்க்கை வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். அத்தொடர் நிறைவு பெறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இயற்கை எய்தினார்.

நமக்குரிய பாடம்

ஐயருடைய வாழ்வில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நல்ல காரணம் வழிமறித்து நின்றது. இளமையில் வறுமை. கல்லூரியில் பணி கிடைத்தபின் படித்தது போதும் என்ற மனநிறைவு. சிந்தாமணியைத் திறந்தபோது வேற்றுச் சமயம் என்ற வேலி. பதிப்பிக்க எண்ணியபோது அனுபவமின்மை. அச்சிடும்போது பணமின்மையும் பழிச்சொல்லும். அவர் எந்தக் காரணத்தையும் பொய் என்று மறுக்கவில்லை. பிரதி இல்லையென்றால் தேடினார். பொருள் விளங்கவில்லையென்றால் தெரிந்தவர் வீட்டு வாயிலில் சென்று நின்றார். பணம் இல்லையென்றால் கேட்டார். கேட்டுக் கிடைக்காதபோது கடன்பட்டார். அடுத்த அடியை எங்கே வைப்பது என்பதே அவருடைய கேள்வியாக இருந்தது.

இவ்வரலாற்றில் தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு ஒரு பெருமையும் ஒரு பொறுப்பும் உண்டு. கும்பகோணத்துச் சமணர்கள் தம் வீடுகளில் சிந்தாமணியைப் படிப்பதை ஒரு தலைமுறைக்கு நிறுத்தியிருந்தால், ஐயருக்கு ஐயம் தீர்த்திருப்பவர் யார்? அவர்களுக்கும் கடை இருந்தது, குடும்பம் இருந்தது, கவலை இருந்தது. விளக்கொளியில் ஏட்டைப் படித்த அவர்களுக்கு அச்சு நூல் இல்லை, உரைவிளக்கம் இல்லை, மின்விளக்கும் இல்லை. ஆயினும் படித்தார்கள், பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், நாடி வந்த வேற்றுச் சமயத்தவருக்கும் மனமுவந்து கற்பித்தார்கள். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய சாத்திர தானத்தை அவர்கள் திண்ணையில் அமர்ந்தபடியே செய்தார்கள். ஏழாண்டு உழைப்பால் ஐயர் அதனை நாடு முழுவதற்கும் உரிய தானமாக்கினார்.

இன்று நூல் அச்சில் உள்ளது. உரை உள்ளது. கைப்பேசியிலும் படிக்கலாம். ஆயினும் பிள்ளைகள் ஆங்கில வழியில் படிக்கின்றார்கள், வேலைக்கே பொழுது போதவில்லை, செய்யுள் கடினமாக உள்ளது என்று பல வீடுகளில் கூறப்படுகிறது. இவையும் மெய்யான காரணங்களே. நாளொன்றுக்கு ஒரு பாட்டு என்று ஒரு குடும்பம் மாலை விளக்கேற்றியபின் படிக்கத் தொடங்கினால், 3145 பாட்டுகளும் ஒன்பது ஆண்டுகளுக்குள் நிறைவுறும். இன்று பள்ளியில் சேரும் குழந்தை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது சிந்தாமணி நிறைவு விழாவை அவ்வீட்டில் கொண்டாடலாம். பொருள் விளங்காத இடத்தில் முதியோரிடம் கேட்கலாம், தமிழாசிரியரிடம் கேட்கலாம். கேட்பதற்கு நாணாதவர்க்கே கல்வி வசப்படும் என்பதை இருபத்தைந்து வயதுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் சமணர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காட்டியிருக்கின்றார்.

நூலைப் படிப்பதற்கு மட்டும் உரிய பாடம் அன்று இது. தேர்வில் தோற்ற மாணவர்க்கும், தொழிலில் இழப்புற்றவர்க்கும், விரதமொன்றைத் தொடங்கி இடையில் விட்டவர்க்கும் இது பொருந்தும். தம்மைத் தடுத்து நிற்கும் காரணத்தை ஒருமுறை தெளிவாக எழுதிப் பார்த்து, அதனைத் தீர்க்க நாளைக் காலையில் செய்யக்கூடிய ஒரு சிறு செயலை அதன்கீழ் எழுதினால், அந்தச் செயலிலேயே வீரியாசாரம் தொடங்கிவிடும். ஆற்றல் உயிரின் இயல்பான குணம் என்பது சமண நெறியின் துணிபு. வினைகள் அதனை மறைக்கலாம், அழிக்க இயலாது. அம்மறைப்பை நாமும் சாக்குகளால் தடிப்பாக்காமல் இருப்போமாக.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!